சிப் வாங்குமுன் கம்பைலரைப் பார்ப்போம்

10ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு, அறிவியல் மன்றம்

நம் வீட்டுச் சலவை இயந்திரத்துக்கு எத்தனை நிமிடம் சுழல வேண்டும், எப்போது நீரை வெளியேற்ற வேண்டும் என்று யார் சொல்லுகிறார்கள்? தொலைக்காட்சி ரிமோட்டில் நாம் அழுத்தியது எந்தப் பொத்தான் என்று கண்டறிந்து செய்தி அனுப்புவது எது? இவற்றின் உள்ளே சிறிய கறுப்புச் சில்லு ஒன்று அமர்ந்துகொண்டு ஓயாது வேலை செய்கிறது. அதற்கு மைக்ரோகண்ட்ரோலர் என்று பெயர். தமிழில் நுண்கட்டுப்படுத்தி என்பர். கடைக்காரர்கள் சிப் என்றே சொல்லுகிறார்கள். நாமும் இக்கட்டுரையில் அவ்வாறே அழைப்போம்.

கணினி ஆய்வகத்தில் உள்ள கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்தால் கணக்குப் போடும் பகுதி ஓரிடத்திலும், நினைவகம் வேறோரிடத்திலும், வெளியுலகத்தோடு பேசும் பகுதிகள் மற்றோரிடத்திலும் இருப்பதைக் காணலாம். மைக்ரோகண்ட்ரோலரில் இவை யாவும் ஒரே சிப்புக்குள் ஒண்டுக்குடித்தனம் செய்கின்றன. அதன் நினைவகத்திலும் இரு வகை உண்டு. ஃப்ளாஷ் என்பது அச்சிட்ட புத்தகம் போன்றது. மின்சாரம் போனாலும் எழுதியது அழியாது. நிரல் அங்கேதான் இருக்கும். ரேம் என்பது கரும்பலகை. கணக்குப் போடும்போது எழுதி அழிக்கலாம். மின்சாரம் போனால் யாவும் போயிற்று.

இவ்வாண்டு எங்கள் அறிவியல் மன்றம் பள்ளி மணியைத் தானே அடிக்கும்படி செய்ய முடிவு செய்தது. இப்போது அலுவலகத்து ஆயாம்மா கடிகாரத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்துகிறார். சாதாரண நாட்களில் தொல்லையில்லை. தேர்வு நாட்களில் நேர அட்டவணை மாறும்போதும், ஆயாம்மா விடுப்பில் இருக்கும்போதும்தான் குழப்பம் வருகிறது. எங்கள் விருப்பத்தைச் சொன்னதும் சிஸ்டர் மன்ற நிதியிலிருந்து ரூ.1,500 தந்தார். கூடவே இரண்டு நிபந்தனைகளும் தந்தார். முதலாவது, ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, நாங்கள் பத்தாம் வகுப்பு முடித்துச் சென்ற பிறகு ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் அதைத் தாங்களே மாற்றியமைக்க முடிய வேண்டும். முதல் நிபந்தனை எங்களுக்குப் பழக்கமானது. இரண்டாவதுதான் எங்களைப் பல நாட்கள் சிந்திக்க வைத்தது.

சென்னை ரிச்சி தெருவில் ஏறி இறங்கினால் எத்தனையோ வகைச் சிப்கள் கிடைக்கும். புதிதாகத் தொடங்குவோர் அங்கே முதலில் கேட்கும் கேள்வி, "எது மிக வேகமானது?" என்பதுதான். ஆனால் எங்கள் மணிக்கு என்ன வேகம் வேண்டும்? நொடிக்கு ஒருமுறை நேரத்தைப் பார்க்க வேண்டும், நேரம் வந்தால் ஒரு சுவிட்சை மூட வேண்டும், அவ்வளவே. இன்டெல் நிறுவனம் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட 8051 என்ற சிப்புக்கு 12 மெகாஹெர்ட்ஸ் படிகம் இணைத்தால் அது நொடிக்குப் பத்து லட்சம் படிகள் செல்லும். மணி அடிப்பதற்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடத் தேவையில்லை. ஆகவே வேகத்தை வைத்துச் சிப்பைத் தேர்ந்தெடுப்பது எங்களுக்கு உதவவில்லை. பிறகு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? அதன் கம்பைலரை வைத்துத்தான் என்பது எங்கள் முடிவு.

கம்பைலர் என்றால் என்ன என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். சிப்புக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை எண்கள் மட்டுமே. இந்த எண் என்றால் கூட்டு, அந்த எண் என்றால் நினைவகத்தில் வை என்று அதற்கென ஒரு கட்டளைத் தொகுதி உண்டு. ஒவ்வொரு சிப் குடும்பத்துக்கும் இத்தொகுதி வேறு. நாம் ஓரளவு மனித மொழி போன்ற சொற்களில் எழுதும் நிரலை அந்த எண்களாக மாற்றித் தரும் மென்பொருளே கம்பைலர். நிரல்பெயர்ப்பி என்று நம் பாடநூல்கள் கூறும்.

இத்தகைய மாற்றத்தைக் கம்ப்யூட்டரே செய்யட்டும் என்று முதன்முதல் முயன்றவர்களுள் ஒருவர் அமெரிக்கப் பெண்மணி கிரேஸ் ஹாப்பர். வாசர் கல்லூரியில் கணித ஆசிரியையாக இருந்து, பின் கடற்படையில் சேர்ந்து, 1952இல் ஏ-0 என்ற கம்பைலரை உருவாக்கினார். கணக்கு ஆசிரியை ஒருவர் தொடங்கிவைத்த வேலை இது என்று அறிந்தபோது எங்கள் வகுப்பில் மிகுந்த ஆரவாரம்! சிப்களுக்கு நிரல் எழுத இன்று பெரிதும் பயன்படுவது சி மொழி. அது 1972ஐ ஒட்டி பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி என்பவரால் அமைக்கப்பட்டது. அவருக்கும் நம் ரிச்சி தெருவுக்கும் உறவு ஏதும் இல்லை. கேட்கும் தோழியர் பலர் உள்ளனர் என்பதால் இதையும் குறித்தோம்.

சிப்புக்கான கம்பைலர் சிப்புக்குள் இருப்பதில்லை. அவ்வளவு இடம் அங்கே கிடையாது. அது நம் மேசைக் கம்ப்யூட்டரில் ஓடி, சிப்புக்குப் புரியும் எண்களைத் தயாரிக்கிறது. அந்த எண்கள் ஹெக்ஸ் கோப்பு என்ற வடிவில் வெளிவரும். அதைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியில் தொடங்கும். அந்தக் கோப்பைப் புரோகிராமர் என்ற சிறு கருவியின் வழியே, அல்லது யூ.எஸ்.பி. கம்பியின் வழியே, சிப்பின் ஃப்ளாஷ் நினைவகத்தில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஆகச் சிப்பின் விலையோடு புரோகிராமரின் விலையையும் கம்பைலரின் விலையையும் கூட்டினால்தான் உண்மையான செலவு தெரியும். கடையில் எழுதியிருப்பது முதலாவது மட்டுமே.

இனி எங்கள் முன் நின்ற சிப்களைப் பார்ப்போம்.

முதலில் 8051. மூல 8051இல் 4 கிலோபைட் நிரல் நினைவகமும் 128 பைட் ரேமும் இருந்தன. இன்று நம் கடைகளில் கிடைக்கும் ஏ.டி. 89 எஸ் 52 என்ற வழித்தோன்றலில் 8 கிலோபைட் ஃப்ளாஷும் 256 பைட் ரேமும் உள்ளன. விலை குறைவு. பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் இதைப் பாடமாக வைத்திருப்பதால் ஐயம் வந்தால் கேட்பதற்கு அக்கா, அண்ணன் எவரேனும் அகப்படுவர். இதைச் சிறிய நன்மையாக எண்ணிவிடக் கூடாது. நூறு புத்தகங்கள் செய்யாததைப் பக்கத்து வீட்டு அக்கா பத்து நிமிடத்தில் செய்துவிடுவார்.

ஆனால் அதன் கம்பைலர்? கல்லூரிகளில் வழங்குவது கீல் என்ற நிறுவனத்தின் கம்பைலர். நல்ல கம்பைலர்தான். அதன் இலவச மதிப்பீட்டுப் பதிப்போ 2 கிலோபைட்டுக்கு மேற்பட்ட நிரலை ஏற்காது. சிப்பில் 8 கிலோபைட் இடம் இருக்க, கால் பங்கு மட்டுமே நமக்கு. நான்கு அறை வீட்டை வாடகைக்கு எடுத்து ஓர் அறைக்கு மட்டும் சாவி பெற்றது போல! முழுப் பதிப்பின் விலை தொழிற்சாலைகளுக்கு ஏற்றது. பள்ளி மன்றங்களுக்கு அன்று.

இதற்கு மாற்றாக எஸ்.டி.சி.சி. என்ற இலவசக் கம்பைலர் இருக்கிறது. சந்தீப் தத்தா என்பவர் தொடங்கியது. அளவுக் கட்டுப்பாடு கிடையாது. எனினும் ஒரு சிக்கல். 8051இல் நினைவகம் பல துண்டுகளாக உள்ளது. ஒவ்வொன்றையும் அணுகும் வழி வேறு. சி மொழி வகுக்கப்பட்டபோது இத்தகைய சிப்பை எவரும் நினைக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு கம்பைலரும் தனக்கென்று சில சொற்களைச் சேர்த்துக்கொண்டது. கீல் சேர்த்த சொற்கள் ஒரு விதம், எஸ்.டி.சி.சி. சேர்த்தவை வேறு விதம். ஓர் எல்.இ.டி. விளக்கு இணைந்த காலுக்குப் பெயர் வைக்கும் வரி கூட இரண்டிலும் வேறு. நூலகத்தில் நமக்குக் கிடைக்கும் புத்தகங்கள் கீல் வழக்கில் எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே எஸ்.டி.சி.சி.யில் கொடுத்தால் முதல் வரியிலேயே பிழை என்கும். மதுரைத் தமிழும் கொங்குத் தமிழும் போல என்று சொல்லலாம். மனிதர் புரிந்துகொள்வர், கம்பைலருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

அடுத்தது பிக் குடும்பம். இதற்கு ஆர்வலர் உலகில் ஒரு தனி மரியாதை உண்டு. முற்காலத்தில் சிப்பில் எழுதியதை அழிக்க அதன் முதுகில் இருந்த கண்ணாடிச் சன்னல் வழியே புற ஊதாக் கதிரைப் பல நிமிடங்கள் பாய்ச்ச வேண்டியிருந்தது. ஒரு சிறு திருத்தத்துக்கும் அதே காத்திருப்புத்தான். 1993இல் மைக்ரோசிப் நிறுவனம் பிக் 16 சி 84 என்ற சிப்பை வெளியிட்டது. மின்சாரத்தாலேயே அழித்து மீண்டும் எழுதலாம். வீட்டு மேசையில் சிப்போடு விளையாட வழி திறந்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு.

நம் நாட்டில் மாணவர் திட்டங்களில் அதிகம் காணப்படும் பிக் 16 எஃப் 877 ஏ சிப்பில் 35 கட்டளைகளே உள்ளன. மனப்பாடம் செய்துவிடலாம். ரேம் 368 பைட். அதுவும் நான்கு பிரிவுகளாக. ஒரு துணைநிரல் மற்றொன்றை அழைக்கும்போது திரும்பி வரவேண்டிய இடத்தைக் குறித்துவைக்கும் அடுக்கில் எட்டே தட்டுகள். ஒன்பதாவது அழைப்பில் முதல் குறிப்பு அழிந்து, சிப் வழி தவறிவிடும். இவற்றை எல்லாம் கம்பைலர் மறைத்துக் காப்பாற்ற வேண்டும். மைக்ரோசிப் தரும் எக்ஸ்.சி. 8 கம்பைலர் அதைச் செய்கிறது. இலவசமாகவும் கிடைக்கிறது, காலக் கெடுவும் இல்லை. நிரலை மிகவும் சுருக்கித் தரும் உயர் நிலைகள் மட்டும் பணம் கட்டியவர்களுக்கு. எங்கள் மணிக்கு அந்தச் சுருக்கம் தேவைப்படாது. பிக்கை நாங்கள் விட்டதற்குக் காரணம் வேறு: அந்த ஒரு கம்பைலரை விட்டால் 8 பிட் பிக் சிப்களுக்கு இலவசமாக வேறு நல்ல துணை அரிது. எஸ்.டி.சி.சி.யில் அதற்கான பகுதி முழுமை பெறவில்லை. ஒரே கடையை நம்பிச் சமையல் தொடங்குவதில் எங்களுக்குத் தயக்கம்.

மூன்றாவதாக ஏவிஆர். இதன் வரலாறுதான் எங்களை மிகவும் கவர்ந்தது. நார்வே நாட்டின் ட்ரான்ட்ஹெய்ம் நகரில் தொழில்நுட்ப மாணவர்களாக இருந்த ஆல்ஃப் எகில் போகன், வேகார்ட் வொல்லன் என்னும் இருவர் இதன் அடிப்படையை வகுத்தனர். அட்மெல் நிறுவனம் இதை ஏற்று 1990களின் பிற்பகுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2016இல் அட்மெல்லை மைக்ரோசிப் வாங்கிக்கொண்டது.

இதில் சிறப்பு யாதெனில், சிப்பின் கட்டளைத் தொகுதி இறுதியாகும் முன்பே, ஸ்வீடனில் சி கம்பைலர் எழுதும் ஐ.ஏ.ஆர். நிறுவனத்தாரை அழைத்துக் கலந்து பேசினார்கள். அவர்கள் சி நிரல்களை இந்தப் புதிய கட்டளைகளாக மாற்றிப் பார்த்து, எங்கெங்கே இடறுகிறது என்று சொன்னார்கள். அதற்கேற்பக் கட்டளைகள் திருத்தப்பட்டன. வழக்கமாக வீட்டைக் கட்டி முடித்துவிட்டு, சமைப்பவரை அழைத்து, "இதுதான் அடுக்களை, இதற்குள் எப்படியாவது சமைத்துக்கொள்" என்பார்கள். இங்கே அடித்தளம் போடும்போதே சமைப்பவரைக் கேட்டார்கள்! அதன் பயனாகக் கணக்குப் போட 32 பதிவகங்களும், நினைவகத்தைச் சுட்டிக்காட்ட வசதியான வழிகளும் கம்பைலருக்குக் கிடைத்தன. 8051இலும் பிக்கிலும் பெரும்பாலான கணக்குகள் ஒரே ஒரு பதிவகத்தின் வழியே நுழைந்து செல்ல வேண்டும். திருவிழாக் கூட்டத்துக்கு ஒரே ஒரு வாயில் வைத்தது போல.

ஏவிஆருக்கு இலவசக் கம்பைலரும் உண்டு. ரிச்சர்டு ஸ்டால்மன் 1987இல் முதலில் வெளியிட்ட ஜி.சி.சி. என்ற கம்பைலரின் ஏவிஆர் கிளை அது. விலை இல்லை என்பது மட்டும் அன்று. எவரும் நகல் எடுக்கலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், அதன் உள்நிரலைத் திறந்து திருத்தலாம். இந்த உரிமை அதன் உரிமத்திலேயே எழுதப்பட்டுள்ளது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். எங்கள் கணினி ஆய்வகத்தின் பழைய கம்ப்யூட்டரிலும் முனகாமல் ஓடியது. சிஸ்டரின் இரண்டாவது நிபந்தனைக்கு விடை இங்கேதான் கிடைத்தது. எவருடைய அண்ணனின் மடிக்கணினியிலோ உள்ள, ஓராண்டில் காலாவதியாகும் கம்பைலரில் மணியின் நிரலை எழுதிவிட்டு நாங்கள் போய்விட்டால், அடுத்த ஆண்டு தேர்வு அட்டவணை மாறும்போது தங்கையர் என்ன செய்வர்? சிப் பெட்டிக்குள் நலமாக இருக்கும். அதனோடு பேசத்தான் ஆள் இராது.

ஆர்டுயினோ என்ற பெயரைப் பலர் கேட்டிருப்பீர்கள். 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், பொறியியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களுக்காக மாசிமோ பான்சியும் அவர் தோழர்களும் உருவாக்கியது. ஆர்டுயினோ ஊனோ பலகையின் மேல் அமர்ந்திருப்பது ஏடிமெகா 328 பி என்னும் ஏவிஆர் சிப்பே. அடியில் வேலை செய்வதும் அதே ஜி.சி.சி. கம்பைலரே. ஆர்டுயினோ அதன் மேல் எளிமையான மேலாடை ஒன்றைப் போர்த்தியுள்ளது. அந்த மேலாடைக்கு ஒரு விலை உண்டு. எல்.இ.டி.யை விட்டு விட்டு எரியச் செய்யும் முதல் பாட நிரல், ஆர்டுயினோ மென்பொருளின் 1.8 பதிப்பில் 924 பைட் இடம் பிடிக்கும். அதையே மேலாடை இன்றி நேரடியாக எழுதினால் 200 பைட்டுக்குள் அடங்கும். 32 கிலோபைட் உள்ள சிப்பில் இது பெரிய நட்டமன்று. தொடக்கத்தில் ஆர்டுயினோ போதும் என்றே நாங்கள் சொல்லுவோம்.

ராஸ்பெரி பை பிகோவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் குழுவிலேயே ஒருத்தி கோபித்துக்கொள்வாள். 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வந்தது. இரண்டு ஆர்ம் கருக்கள், 264 கிலோபைட் ரேம். ஊனோவின் 2 கிலோபைட்டோடு ஒப்பிடுங்கள்! இதற்கும் ஜி.சி.சி. உண்டு. மேலும் டேமியன் ஜார்ஜ் 2013இல் தொடங்கிய மைக்ரோபைத்தான் என்பதும் இதில் ஓடும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார் படிக்கும் பைத்தான் மொழியின் சிறிய உடன்பிறப்பு அது. சிப்புக்குள்ளேயே மொழிபெயர்ப்பாளர் குடியிருப்பதால், ஒரு வரி எழுதியதும் உடனே ஓட்டிப் பார்க்கலாம். கற்பதற்கு இதைவிட இனியது இல்லை என்று அவள் வாதிட்டாள். அது உண்மையே. ஆனால் பிகோவின் கால்கள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். எங்கள் ரிலே, எழுத்துப் பலகை இரண்டும் 5 வோல்ட் பொருட்கள். இடையில் மின்னழுத்தம் மாற்றும் பகுதி வேண்டும். தவிர, சிப் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால், தவறான கம்பி தொட்டுக் கருகினால் முழுப் பலகையையும் மாற்ற வேண்டும். ஊனோவில் 28 கால் சிப் சாக்கெட்டில் செருகியிருக்கும். பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகலாம். பழகும் கைகளுக்கு அது பெரிய ஆறுதல்.

2016இல் வந்த ஈ.எஸ்.பி. 32 சிப்பில் வைஃபை உண்டு. இணையத்திலிருந்தே நேரத்தைப் பெறலாம். அலுவலகத்தில் வைஃபை கடவுச்சொல்லை மாற்றிய அன்று பள்ளியின் நேரம் பிசகத் தொடங்கும் என்று எண்ணி, அதை வேறொரு திட்டத்துக்கு ஒதுக்கிவைத்தோம்.

எனவே ஏடிமெகா 328 பி, ஜி.சி.சி. என்று முடிவாயிற்று. சிப்பும் கம்பைலரும் சேர்ந்தே நிரலின் போக்கை நிர்ணயிக்கின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தோழியர் மனத்தில் கொள்ளவேண்டும். மணிக்கு நேரம் எண்ண எளிய வழி, நள்ளிரவில் பூஜ்ஜியத்தில் தொடங்கி நொடிகளை எண்ணுவது. ஒரு நாளில் 86,400 நொடிகள். சி மொழியில் முழு எண்ணுக்கு 'இன்ட்' என்று எழுதுவது வழக்கம். பிகோவுக்கான கம்பைலரில் 'இன்ட்' 32 பிட் அகலம். 200 கோடிக்கு மேல் எண்ணும். ஏவிஆர் கம்பைலரில் அதே 'இன்ட்' 16 பிட் மட்டுமே. அதன் உச்சம் 32,767. அதாவது 9 மணி 6 நிமிடம் 7 நொடி. அடுத்த நொடியில் எண் தலைகீழாகக் கவிழ்ந்து கழித்தல் 32,768 ஆகிவிடும். காலை வழிபாடு முடிந்து வகுப்புக்குள் நுழையும் வேளையில் மணிக்கு மறதி வந்துவிடும்! எழுத்துப்பிழை எதுவும் இல்லாத நிரல், ஒரு சிப்பில் சரியாக ஓடி மற்றொன்றில் தவறும். அங்கே 'லாங்' என்று எழுதினால் 32 பிட் கிடைக்கும். இத்தகைய செய்தி சிப்பின் விவரக் கையேட்டில் இராது. கம்பைலரின் கையேட்டில்தான் இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

இன்னொன்று. சிறிது நேரம் காத்திருக்கச் செய்ய, ஒன்று முதல் பதினாயிரம் வரை வெறுமனே எண்ணும் சுற்று ஒன்றை எழுதும் பழக்கம் பழைய புத்தகங்களில் உண்டு. ஜி.சி.சி. கெட்டிக்காரப் பிள்ளை. அந்தச் சுற்றால் யாருக்கும் பயன் இல்லை என்று கண்டுகொண்டு, சுருக்கும் வேளையில் அதை முழுதாக நீக்கிவிடும். நாம் காத்திருப்போம் என்று எண்ணிய இடத்தில் சிப் ஓட்டமாய் ஓடிவிடும். காத்திருப்பதற்கென்றே கம்பைலருடன் வரும் துணைநிரல்களைப் பயன்படுத்துவதே முறை.

சொற்றொடர்கள் விஷயத்திலும் கவனம் தேவை. "முதல் பாடவேளை", "இடைவேளை" போன்ற செய்திகளை எழுத்துப் பலகையில் காட்ட நிரலில் எழுதினால், ஏவிஆர் கம்பைலர் அவற்றை ரேமுக்கும் நகலெடுத்து வைக்கும். 2 கிலோபைட் கரும்பலகையில் அவையே பாதியை அடைத்துக்கொள்ளலாம். அவை ஃப்ளாஷிலேயே இருக்கட்டும் என்று தனியே குறிப்பிட வழி உண்டு.

நேரம் காட்டும் பொறுப்பைச் சிப்பிடம் விடலாமா என்பதும் ஒரு கேள்வி. ஊனோ பலகையில் சிப்புக்குத் தாளம் போடுவது பீங்கான் ரெசனேட்டர். அரை சதவீதப் பிழையுள்ள ரெசனேட்டர் என்றால் ஒரு நாளில் 432 நொடி, அதாவது 7 நிமிடத்துக்கு மேல் தவறலாம். குவார்ட்ஸ் படிகம் இதனினும் எவ்வளவோ மேல். பத்து லட்சத்தில் 50 பிழை என்றாலும் நாளுக்கு 4 நொடி அளவே. எனினும் மாதத்தில் இரண்டு நிமிடம் சேர்ந்துவிடும். ஆகவே டி.எஸ். 3231 என்ற தனிக் கடிகாரச் சிப்பை வாங்கினோம். பத்து லட்சத்தில் இரண்டு என்ற அளவே அதன் பிழை. ஆண்டுக்கு ஒரு நிமிடம். சிறு மின்கலம் இருப்பதால் மின்வெட்டு நேரத்திலும் நேரத்தை மறக்காது.

பெற்றோர் கேட்கும் கேள்விக்கும் விடை கூறிவிடுவோம். 230 வோல்ட் மின்சாரத்தை நாங்கள் தொடவில்லை. சிப்பின் கால் 5 வோல்ட்டில் ஒரு ரிலேயை இயக்கும். ரிலேயின் மறுபுறம் மணிக்குச் செல்லும் கம்பிகளைப் பள்ளியின் எலக்ட்ரீஷியன் அண்ணனே இணைத்து, மூடியிட்டுத் திருகினார். ஊனோ, மாற்றுச் சிப் ஒன்று, கடிகாரச் சிப், ரிலே, எழுத்துப் பலகை, மூன்று பொத்தான்கள், பெட்டி ஆகிய யாவும் சேர்ந்து ரூ.1,340 ஆயிற்று. கம்பைலரின் கணக்கில் எழுதியது பூஜ்ஜியம்.

மணி நேரங்களை நிரலுக்குள் எழுதாமல், சிப்பிலுள்ள 1 கிலோபைட் ஈப்ராம் என்ற பகுதியில் வைத்தோம். மின்சாரம் போனாலும் அழியாது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு லட்சம் முறை மாற்றி எழுதலாம் என்று கையேடு கூறுகிறது. எனவே சிறு மாற்றங்களைப் பொத்தான்களாலேயே செய்யலாம். புதிய வகை அட்டவணை வேண்டுமானால் மட்டும் நிரலைத் திருத்திக் கம்பைல் செய்ய வேண்டும். பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒரு தாள் ஒட்டியுள்ளோம். கம்பைலரின் பெயர், பதிப்பு எண், நிரல் சேமித்துள்ள இடம் ஆகியவை அதில் உள்ளன. பதிப்பு மாறினால் அதே நிரலிலிருந்து வேறு அளவுள்ள ஹெக்ஸ் கோப்பு வெளிவரலாம் என்பதால் அந்த எண்ணும் முக்கியம். நிரலின் நகலும் அதைத் தயாரித்த கம்பைலரின் நகலும் ஒரே பென் டிரைவில் கணினி ஆய்வக அலமாரியில் உள்ளன. அவ்வாறு நகல் எடுத்து வைக்க அதன் உரிமம் இடம் தருகிறது.

சென்ற மாதம் சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்குத் தனி அட்டவணை வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நாங்கள் திருப்புதல் தேர்வில் இருந்தோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் இருவர் தாளைப் பார்த்து, ஆய்வகக் கம்ப்யூட்டரில் நிரலைத் திறந்து, பதினான்கு வரிகளைச் சேர்த்தனர். முதல் முறை கம்பைலர் மூன்று பிழைகளைக் காட்டியது. இரண்டாம் முறை ஒன்று. மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டது. நிரலின் அளவு 7,212 பைட் என்று வந்தது. ஊனோவில் நமக்குக் கிடைக்கும் இடம் 32,256 பைட்; இன்னும் 25,044 பைட் காலியாக இருக்கிறது.